ஏழு புள்ளி எட்டு

காலை எட்டு இருபதுக்கு
ஹோர்கோஷ் வென்செலின் இடது கண்மணி
ஏழு புள்ளி எட்டு மில்லிமீட்டர்.
நான்தான் அளந்தேன்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
பார்க்கிற வேலை என்னுடையது,
விடுவது மட்டும் அடுத்தவர் கண்ணில்.

மூன்று முறை சொட்டு விட்டு
வாசலை அகலத் திறந்து வைத்திருந்தேன்.
பழுப்புத் திரை ஓரத்துக்கு ஒதுங்கி
நூலளவு மிச்சம்.
நடுவில்,
ஜனவரி மாத டிசா ஆற்றைப் போல
கலங்கி உறைந்த வில்லை.

செகெத் நகரத்து எங்கள் மருத்துவமனையில்
லேசர் தரைத்தளம்,
அறுவை அறை இரண்டாம் மாடி.
கட்டடம் எழுப்பியவர்களிடம்
கண்மணியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

கிண்ணம் விழியை உறிஞ்சிப் பிடித்தது.
"அழுத்துகிறதே."
"கொஞ்ச நேரம்தான்."
கத்தி இல்லை, ரத்தம் இல்லை.
ஒளி உள்ளே போய்
உறையில் ஒரு வட்டம் வெட்டி
வில்லையை நாலாய்ப் பிளந்துவிட்டு
வந்த சுவடில்லாமல் போனது.
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

திரைக்கு மட்டும் தெரிந்துவிட்டது
யாரோ வந்து போனார்கள் என்று.
தொட்டால் சுருங்கும் செடியை அறிவோம்.
இது தொடாமலே சுருங்குகிற ஜாதி.

ஆறு புள்ளி நாலு.

மின்தூக்கியில் சலவைத் துணி வண்டி ஒன்று
குறுக்காக மாட்டிக்கொண்டிருந்தது.
ஒருவர் இழுக்க, ஒருவர் தள்ள,
சக்கரம் சுவரோடு வாதாட,
பதினாலு நிமிடம்.
நான் அவர் தலைமாட்டில் நின்று
ஒரு வாசல் சாத்தப்படுவதை
சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மேஜையில் நாலு புள்ளி ஏழு.

டாக்டர் எமெஷெ நுண்ணோக்கியை விட்டுத் தலை தூக்காமல் கேட்டார்:
"வீட்டில் மூன்று நாள் சொட்டு விட்டீர்களா?"
"வேளை தவறாமல், நாலு தரம்."
"எந்தக் கண்ணில்?"
"இடது கண்ணில்."
பிறகு துணிக்கு அடியிலிருந்து, மெல்ல:
"கண்ணாடியில் நின்றவனுடைய
இடது கண்ணில்."

முகக்கவசங்கள் எதற்கெல்லாமோ உதவுகின்றன.

"திட்டாதீர்கள் அதை," என்றார் வென்செல்.
முப்பத்தோராண்டு டிசா ஆற்று மதகு பார்த்தவர்.
"பனிப்பாளம் வந்து முட்டினால்
நானும் முதலில் அடைத்துவிடுவேன்.
மேலதிகாரிக்குத் தொலைபேசி
அப்புறம்தான்."

அட்ரினலின் உள்ளே போனது.
ஐந்து புள்ளி ஒன்று.
அதற்கு மேல் அசைய மாட்டேன் என்று
நின்றுவிட்டது.
கடைசியில் வளையம்:
மூலைக்கொரு சுருளாக நாலு சுருள்,
கதவுக்கு முட்டுக் கல் வைத்த மாதிரி.
சதுரமான கண்மணியைப் பார்த்திருக்கிறீர்களா?
நான் பார்த்திருக்கிறேன்.
அதன் வழியே உடைந்த பனியை
துண்டு துண்டாய் உறிஞ்சி எடுத்ததையும்,
மடித்து வைத்த புது வில்லை
உள்ளே போய்ச் சோம்பல் முறித்ததையும்.

மறுநாள் கட்டுப் பிரித்தேன்.
வெகுநேரம் என் சட்டையைப் பார்த்தார்.
"நீலமா இது?
பாசி நிறம் என்றல்லவா
உன்மேல் பரிதாபப்பட்டேன்."

கைவிளக்கைக் காட்டினேன்.
நேற்றைய கோபம் ஆறாத கண்மணி
தயங்கித் தயங்கிச் சுருங்கியது.
காதுப் பக்கம் லேசாகக் கோணல்.
அதற்குள்ளே ஒரு சின்னப் பாவை,
விளக்கும் கையுமாய்.
நான்தான்.
எந்தக் கையில் விளக்கு என்று
ஒரு கணம் குழம்பிப்போனேன்.

மூன்று புள்ளி இரண்டு, வட்டம் முழுமையில்லை
என்று படிவத்தில் எழுதும்போது
எட்டிப் பார்த்தார்,
இப்போது எழுத்து தெரிகிறது அவருக்கு.
"வலது கண் எப்போது?"
"மார்ச்சில். அதற்கும் மூன்று நாள் முன்பே
சொட்டு மருந்து..."

"அதற்குத்தான்
ஏற்கெனவே விட்டாயிற்றே."